சொட்டும் இடமும் கசியும் இடமும்

காருக்கு அடியில் தரையில் கிடக்கும் எண்ணெய்த் துளி ஒரே ஒரு சேதியைத்தான் உறுதியாகச் சொல்கிறது: நேற்றிரவு அந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த ஏதோ ஓர் உலோக விளிம்பில் எண்ணெய் வந்து சேர்ந்தது. அது எங்கிருந்து கிளம்பியது, எதன்மேல் வழிந்தது, காற்று அதை எவ்வளவு தூரம் தள்ளியது என்பதெல்லாம் துளியில் எழுதியிருக்காது.

நூம்பலில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் 1960களில் செய்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களுக்கு நடுவே தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “டிஃபரென்ஷியல் சீல் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்கிறார். மாற்றுகிறார்கள். மூன்று வாரத்தில் கறை திரும்ப வருகிறது. “சீல் டூப்ளிகேட் சார், வேற போட்டுப் பாப்போம்.” வேறு போடுகிறார்கள். மறுபடியும் மூன்று வாரம்.

பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்த மூன்று வாரக் கணக்கு தெரியும். சீல் என்பது எண்ணெய்க்குக் குறுக்கே போட்ட அடைப்பு என்று நினைக்கும்வரை அதற்கு விளக்கம் கிடைக்காது. ஓடும் தண்டின்மேல் உட்காரும் ஆயில் சீல் அடைப்பே அல்ல, அது ஒரு சின்ன பம்ப். அந்த விஷயத்துக்கு வருமுன் காரைப் பார்த்துவிடுவோம்.

ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் பேச்சில் இழுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததில்லை. பிரிட்டனில் 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலொட்டி. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் உலகெங்கும் போயின. நம் ஊருக்கு வந்தது அதன் தாய்க் கார். 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில், 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்பது கனவில் மட்டுமே சாத்தியம் என்றிருந்த அந்தக் காலத்தில், ஒரு மதராஸ்காரர் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய ஸ்பிட்ஃபயர் எலும்புக்கூடு ஹெரால்டுதான். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

அந்த எலும்புக்கூட்டின் பின்பகுதிதான் நமக்கு வேண்டியது. அம்பாசடரில் டிஃபரென்ஷியலும் இருபுறத்து ஆக்சில் குழாய்களும் சேர்ந்து ஒரே கட்டையாக மேலும் கீழும் ஆடும். ஹெரால்டில் டிஃபரென்ஷியல் கூடு சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, ஆடாது. அதன் தலைமேல் குறுக்குவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தண்டுகள் வெளியே வந்து, யூனிவர்சல் ஜாயின்டில் மடங்கிச் சக்கரத்துக்குப் போகின்றன. ஆக, கூட்டிலிருந்து சுழலும் உலோகம் வெளியே வரும் வாசல்கள் மூன்று: முன்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு, இடது தண்டு, வலது தண்டு. மூன்று வாசலுக்கும் மூன்று சீல்.

இந்த அமைப்பிலேயே ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. அம்பாசடரில் பின் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் ஊறியிருந்தால், டிஃபரென்ஷியல் எண்ணெய் ஆக்சில் குழாய் வழியே நடந்து வந்து சக்கர ஓரத்து சீலைத் தாண்டியிருக்கலாம். ஹெரால்டில் அந்த வழியே கிடையாது. சக்கரத்துப் பேரிங்குக்குத் தனியாக கிரீஸ். டிரம் நனைந்திருந்தால் அது அந்த கிரீஸ், இல்லையென்றால் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில். டிஃபரென்ஷியலைக் கழற்றி ஒரு வாரம் வீணாக்க வேண்டியதில்லை.

டிஃபரென்ஷியல் எதற்கு என்பதை நெடுஞ்சாலையில் ஒரு யூ டர்ன் போட்டாலே புரிந்துகொள்ளலாம். ஹெரால்டின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடைவெளி சுமார் 1.22 மீட்டர். கார் அரைவட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அரைவட்டம் பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது, சக்கர இடைவெளியை பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் விடை. (ஹெரால்டு 7.6 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்சிகூட அவ்வளவு சுருக்கமாகத் திரும்பாது என்று அந்தக் காலத்தில் விளம்பரமே செய்தார்கள்.) ஒரே தண்டில் இரண்டு சக்கரத்தையும் பூட்டினால் அந்த 3.8 மீட்டரை டயர் தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். இஞ்சின் விசையை இரண்டாகப் பிரித்தும் கொடுத்து, வேகத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டும் விடுகிற பற்சக்கரக் கூட்டுக்கு பிரெஞ்சுக்காரர் ஒனேசிஃபோர் பெக்கர் 1827இல் காப்புரிமை எடுத்தார், அதுவும் நீராவி வண்டிக்காக.

இதே கூட்டுக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. நீளவாட்டில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் விசையைக் குறுக்குவாட்டுக்குத் திருப்பி, வேகத்தையும் குறைக்க வேண்டும். 948 சிசி ஹெரால்டில் பினியனுக்கு 8 பல், கிரௌன் வீலுக்கு 39 பல். பினியன் 4.875 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. பினியன் கிரௌன் வீலின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி அமர்ந்திருக்கும். ஹைப்பாய்டு என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920களின் நடுவில் உருவாக்க, பாக்கார்டு கார்களில் முதலில் வந்தது. ஷாஃப்ட் கீழே இறங்கியதால் காரின் தரையும் இறங்கியது, உயரமும் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை எண்ணெயில் தெரிகிறது. ஹைப்பாய்டுப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாட்டில் வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப்படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைக் கவ்வும். அதைத் தடுக்க எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். பல்முனை சூடாகும் அந்த நொடியில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய சல்ஃபைடு பூச்சு ஒன்றை உண்டாக்கும். தேய்வது பூச்சு, பல் அல்ல. கியர் ஆயிலுக்கு மட்டும் மூக்கைத் துளைக்கும் அந்த அழுகல் வாடை கந்தகத்தால் வருவது.

துப்பறியும் வேலையும் இந்த வாடையிலிருந்தே தொடங்க வேண்டும். கறையில் விரலை வைத்துத் தேய்த்து முகருங்கள். பிரேக் ஆயில் மெல்லியதாக, தண்ணீரில் கரையக்கூடியதாக இருக்கும், பெயின்டை உரித்திருக்கும். இஞ்சின் ஆயில் கருத்திருக்கும், கந்தக நெடி இருக்காது. யூனிவர்சல் ஜாயின்டிலிருந்து தெறித்த கிரீஸ் விரலில் மெழுகாக நிற்கும். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில்.

ஆனால் எந்தக் கியர் ஆயில்? ஹெரால்டின் கியர்பாக்ஸிலும் இதே குடும்பத்து எண்ணெய்தான். அதன் வால் முனையிலிருந்து கசிவது கார் ஓடும் காற்றில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, காரின் தரைக்கு நடுவே நீளவாட்டில் ஓடும் டனல் வழியே வழிந்து, டிஃபரென்ஷியலின் மூக்கை நனைத்து, அதன் வயிற்றில் சொட்டும். கீழே பார்ப்பவர் கண்ணுக்குக் குற்றவாளி டிஃபரென்ஷியல். நம் ஊரில் தேவையில்லாமல் மாற்றப்பட்ட பினியன் சீல்களில் ஒரு பங்கு கியர்பாக்ஸின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்பது என் சந்தேகம்.

சந்தேகம் தீர வழி எளிது, பொறுமைதான் வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து, கூட்டையும் அதற்கு முன்னால் உள்ள டனலையும் மண்ணெண்ணெயோ டீசலோ போட்டு பிரஷ்ஷால் கழுவி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள், மாவு பூசியது மாதிரி மெல்லிய வெள்ளைப் பூச்சாக. திருவேற்காடு வரை ஒரு ஓட்டம், அப்படியே பூந்தமல்லி போய்த் திரும்பி வந்து உடனே பாருங்கள். எண்ணெய் முதலில் தொட்ட இடம் பவுடரில் கறுத்த கோடாகத் தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், கார் ஏசி பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஒளிரும் சாயத்தில் எண்ணெய்க்கென்று உள்ள வகையைச் சில துளி கூட்டில் கலந்து, கள்ளநோட்டு பார்க்கும் ஊதாக்கதிர் விளக்கை இருட்டில் அடித்தால் கசிந்த பாதை பச்சை மஞ்சளாக மின்னும்.

பவுடரில் விழும் கோலத்தைப் படிக்கக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஹெரால்டின் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்று மேலே சுற்றுகிறது. பினியனோ நொடிக்கு 45 சுற்று, நிமிடத்துக்கு 2,700. மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, பினியன் ஃபிளேன்ஜின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு பூட்டும் வட்டத்தட்டின்) விளிம்பில் நிற்கும் எண்ணெய்த் துளிக்கு அந்த வேகத்தில் புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு வெளித்தள்ளல். அது வழிய நேரமே இல்லை, பறக்கும். எனவே பினியன் சீல் கசிந்தால், ஃபிளேன்ஜுக்கு நேர் மேலேயும் பக்கத்திலும் காரின் அடித்தகட்டில் ஒரு வளைய வரி விழுந்திருக்கும். பக்கத்துத் தண்டுகளில் அதே ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் தள்ளல் 17 மடங்குதான். வேகம் கணக்கில் இருமடியாக ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. அங்கே கசியும் எண்ணெயில் பெரும்பகுதி உலோகத்தைப் பற்றிக்கொண்டு கூட்டின் விலாவில் வழியும், கார் நின்றபின் சொட்டும். வளைய வரி இருந்தால் முன் வாசல், விலாவில் ஈரம் இருந்தால் பக்கவாசல், மூக்கின் முன்பகுதி மட்டும் நனைந்து ஃபிளேன்ஜின் பின்புறம் காய்ந்திருந்தால் எண்ணெய் முன்னாலிருந்து வந்த விருந்தாளி. வளைய வரி கிரீஸாக இருந்தால் ஜாயின்டைப் பாருங்கள்.

மூன்று வாசலும் காய்ந்திருந்து, கூட்டின் நடுவில் மட்டும் ஈரக்கோடு ஓடினால், முன்கூடும் பின்கூடும் சேரும் பேக்கிங். மேலே பட்டை ஸ்பிரிங்கை இறுக்கும் ஸ்டட்களின் அடியையும் ஒரு கண் பார்த்துவிடலாம். பேக்கிங் கசிவு அவசரமில்லாதது, ஊறும், தூசி பிடிக்கும், ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அதற்காகக் கூட்டை இறக்குவது என் பார்வையில் வீண் வேலை. இறக்கினால், பழைய பேக்கிங்கைச் சுரண்டிய இடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, அனபாண்டு பசையை மெல்லிய இழையாகத் தடவுங்கள். பிதுங்கி உள்ளே போனது பின்னொரு நாள் உதிர்ந்து எண்ணெயோடு சுற்றும்.

இப்போது சீல். இரும்பு வளையத்துக்குள் ஒட்டிய ரப்பர், உள்விளிம்பில் மெல்லிய உதடு, உதட்டை இறுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் ஒரு மெல்லிய சுருள் கம்பி. உதடு தண்டை அழுத்திக்கொண்டிருப்பதால் எண்ணெய் வெளியே வருவதில்லை என்றுதான் யாரும் நினைப்போம். அது உண்மையானால் ரப்பர் காய்ந்த உலோகத்தின்மேல் நிமிடத்துக்கு 2,700 சுற்று உரசி, ஒரே நாளில் கருகியிருக்கும். 1957இல் பிரிட்டனில் இ. டி. ஜாகர் வெளியிட்ட ஆய்வு, ஓடும்போது உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே எப்போதும் எண்ணெய்ப்படலம் இருக்கிறது என்று காட்டியது. அதன் தடிமன் மைக்ரான் அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் உள்ளிருந்து வெளிவரை எண்ணெய்க்கு வழி திறந்தே கிடக்கிறது. ஏன் ஒழுகவில்லை?

ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பின்னர் நடந்த சோதனைகள் விடை தந்தன. சீலைத் தலைகீழாக மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சரியாக மாட்டினால் ஒரு துளிகூட விடாத அதே சீல், திருப்பி மாட்டியதும் எண்ணெயை இறைத்து வெளியே தள்ளியது. உதட்டின் இரண்டு சரிவுகளும் ஒரே அளவில் இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாக, 45 பாகை அளவில் இருக்கும், காற்றுப் பக்கம் சாய்வாக, 25 பாகை அளவில் இருக்கும். அதனால் ரப்பரின் அழுத்தம் எண்ணெய் ஓரத்தை ஒட்டி உச்சமாகிறது. தண்டு சுழலும்போது உதட்டின் பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் இழுபட்டுச் சாய்கின்றன, அழுத்தம் அதிகமுள்ள ஓரத்தில் அதிகமாகவும் மற்ற ஓரத்தில் குறைவாகவும் சாய்ந்து வரிசையாகக் கோணம் பிடித்து நிற்கின்றன. கோணம் பிடித்த ஆயிரக்கணக்கான மேடுகள் சேர்ந்து வெளிப்பக்கத்துத் திரவத்தை உள்ளே தள்ளுகின்றன. நல்ல சீல் வழியே எண்ணெய் எந்நேரமும் வெளியேறப் பார்க்கிறது, சீல் அதை எந்நேரமும் உள்ளே இறைத்துக்கொண்டிருக்கிறது. இறைக்கும் அளவு கசியும் அளவைவிடக் குறைந்தால் நமக்குக் கறை தெரிகிறது.

இந்தக் கண்ணால் பார்த்தால் மூன்று வாரக் கணக்கு ஒவ்வொன்றாக அவிழும்.

முதல் சந்தேகம், தண்டின் மேற்பரப்பு. ரப்பர் உதட்டில் மண்துகள் பதிந்துவிட்டால் மெத்தென்ற ரப்பர் கெட்டி இரும்பை அறுக்கும். ஐம்பது வருடம் ஓடிய ஃபிளேன்ஜில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருக்கும். புது சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்காரும், அழுத்தம் போதாது. முதல் சில வாரம் புது ரப்பரின் விறைப்பு சமாளிக்கும், அப்புறம் பழைய கதை. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்வது பழைய கை. மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றை ஃபிளேன்ஜின்மேல் ஏற்றுவது அதைவிட நல்லது.

இரண்டாவது, லேத்து. பள்ளம் விழுந்த ஃபிளேன்ஜை வெல்டிங் நிரப்பிக் கடைந்து தருவதற்கு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு ஆள் உண்டு, கைவேலையும் நன்றாகவே இருக்கும். ஆனால் லேத்தின் உளி வேலையை நீளவாட்டில் நகர்ந்துகொண்டே கடைகிறது. அது விட்டுச்செல்லும் வரி கண்ணுக்குத் தெரியாத ஒரு மரை. எமரித் தாளை நீளவாட்டில் ஓட்டித் தேய்த்தாலும் சாய்வான வரிகள்தான் மிஞ்சும். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தப் பரப்பு, ஒரு திசையில் சுழன்றால் எண்ணெயை உள்ளே தள்ளும், எதிர்த்திசையில் சுழன்றால் வெளியே இறைக்கும். மரையின் கை தவறாக அமைந்தால், கார் முன்னோக்கி ஓடும்போதெல்லாம் சீலின் பம்ப்பும் தண்டின் பம்ப்பும் எதிரெதிராக இழுக்கும். எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் தோற்கும். சீல் உட்காரும் இடத்தை உளியோ கல்லோ பக்கவாட்டில் நகராமல், நேராக உள்ளே இறங்கிக் கிரைண்டிங் செய்து முடிக்க வேண்டும். லேத்துக்காரரிடம் ஃபிளேன்ஜைக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ‘பாலிஷ் போட்டுக் குடுங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் எமரியைத்தான் எடுப்பார்.

மூன்றாவது, பேரிங். பினியனைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் பினியன் ஒரே மையத்தில் சுழலவில்லை, உதடு ஒவ்வொரு சுற்றிலும் ஓடி ஓடி அதைத் துரத்த வேண்டும். நொடிக்கு 45 முறை துரத்த ரப்பரால் முடியாது. கூடவே ஆக்சிலேட்டர் மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று கூடு ஊளையிட்டால், சீலைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டுப் பேரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பினியன் சீலை எடுக்க ஃபிளேன்ஜின் நட்டைக் கழற்றியாக வேண்டும். பினியன் பேரிங்குகள் எவ்வளவு இறுக்கத்தில் ஓடுகின்றன என்பது அந்த நட்டோடு தொடர்புடையது. ஹெரால்டு வகைக் கூட்டில் கெட்டியான இடைவளையமும் ஷிம்களும் அந்த இறுக்கத்தைத் தீர்மானிக்கின்றன, சொன்ன அளவுக்கு நட்டை முடுக்கினால் பழைய நிலை திரும்பும். பின்னாளைய ஸ்பிட்ஃபயர் 1500இலும் இன்றைய பல கார்களிலும் நசுங்கக்கூடிய வளையம். அங்கே கொஞ்சம் கூடுதலாக முடுக்கினாலும் வளையம் மேலும் நசுங்கி, பேரிங் மூச்சு முட்டி, சில ஆயிரம் கிலோமீட்டரில் போய்விடும். ஸ்பிட்ஃபயர் புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்து ஹெரால்டில் வேலை செய்பவர்கள் முதலில் எந்தக் காலத்துக் கூடு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது சந்தேகத்தைக் கடைசியில் வைத்தேன். நானாக இருந்தால் வேலையை அதிலிருந்துதான் தொடங்குவேன், காசே ஆகாது. கூடு மூச்சு விடுகிறதா?

உள்ளே இருப்பது அரை லிட்டருக்குச் சற்று மேலான எண்ணெய், சுமார் 0.57 லிட்டர். மீதி இடம் காற்று. காலையில் 32 டிகிரியில் இருந்த கூடு, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடி 92 டிகிரிக்கு ஏறுகிறது என்று வையுங்கள். மூடிய இடத்தில் காற்றின் அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும், ஆனால் எண்ணுவது தனிப்பூச்சியத்திலிருந்து: 305லிருந்து 365. ஏறக்குறைய 20 சதவீதம், 0.2 வளிமண்டலம். எண்ணெயும் தன் பங்குக்கு 24 மில்லி விரிந்து காற்றின் இடத்தைக் குறைப்பதால் உண்மை அழுத்தம் இன்னும் கூடுதல். சாதாரண உதட்டு சீல் தாங்கும் அழுத்தம் 0.2லிருந்து 0.5 பார் வரைதான், வேகம் ஏற ஏற அதுவும் குறையும். சூட்டில் நீர்த்துப்போன எண்ணெய், பின்னாலிருந்து தள்ளும் காற்று, நிமிடத்துக்கு 2,700 சுற்று. புத்தம்புது சீலும் என்ன செய்யும்?

இதற்காகத்தான் கூட்டில் ஒரு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கூடுகளில் அது பார்க்க வேடிக்கையாக இருக்கும்: பின்கூட்டின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் தளர்வாக ஒரு காட்டர் பின். கார் குலுங்கும்போது பின் ஆடும், ஆடும்போது துளையில் சேரும் அழுக்கு உதிரும். யாரோ ஒரு பொறியாளர் இரண்டு காசில் முடித்த வேலை, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நம் ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் அடித்தகட்டுக்குத் துருத்தடுப்புக் கோட்டிங் அடிக்கிறார்கள். தார் மாதிரிக் கெட்டியான கறுப்புப் பூச்சு கூட்டின்மேலும் விழுகிறது, பின்னையும் துளையையும் சேர்த்து மூடுகிறது. காரைப் பாதுகாக்கச் செய்த செலவே ஒழுக்கைக் கொண்டுவருகிறது.

அடைத்த துளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சூடான கூடு சட்டென்று குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும், அப்போது வெளியே இருப்பதை உறிஞ்சும். கூவம் பக்கம் தண்ணீர் ஏறிய 2015 டிசம்பர் போன்ற நாளில், ஓடிச் சூடான கார் சாலைத் தண்ணீரில் இறங்கினால் சீலின் உதடு வழியே நீர் உள்ளே போகும். (மூச்சுத்துளை முழுகிவிட்டால் அது திறந்திருந்தாலும் இதே கதிதான்.) எண்ணெய் பால் கலந்த காபி நிறமாகும், பேரிங் துருப்பிடிக்கும், துரு உதட்டை அறுக்கும். வெள்ளத்தில் நின்ற பழைய கார் ஆறு மாதம் கழித்து ஒழுக ஆரம்பித்தால் காரணத்தை அங்கே தேடலாம்.

சோதிக்க ஒரு வழி. நன்றாக ஓட்டிவந்த உடனே, கையைச் சுட்டுக்கொள்ளாமல், கூட்டின் லெவல் பிளக்கைக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று காற்று சீறினால் விடை கிடைத்துவிட்டது. துளையைச் சுரண்டி, புதுப் பின் போட்டு, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி பவுடர் போட்டுப் பாருங்கள். பழைய சீலே இனிச் சமாளிக்கும் வாய்ப்பு அதிகம். சீறாமல், எண்ணெய் பீறிட்டு வந்தால் யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கிவைத்து லெவல் பார்த்தால், அல்லது சரிவில் நிறுத்திப் பார்த்தால் இந்தத் தப்பு நடக்கும். நான்கு சக்கரமும் மட்டத்தில் நிற்கும்போது பிளக் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் போதும்.

ஒழுகும் காருக்கு 90 எண் கியர் ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 140 ஊற்றும் வழக்கமும் உண்டு. கெட்டி எண்ணெய் மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் கிரௌன் வீல் அதை வாரி இறைத்துத்தான் பினியன் பேரிங்குக்கு எண்ணெய் போகிறது. கெட்டி எண்ணெய் அந்த வழியில் தயங்கும், கடைவதில் சூடும் கூடும், சூடு ரப்பரை விறைக்க வைக்கும். டிஃபரென்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 எண்ணெயில் மிஞ்சியதைக் கியர்பாக்ஸில் ஊற்றுவதும் வேண்டாம், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் அங்குள்ள வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும்.

சரி, எவ்வளவு ஒழுகினால் கவலைப்படலாம்? இருபது துளி ஒரு மில்லி என்று கொண்டால், மணிக்கு ஒரு துளி என்பது நாளுக்கு 1.2 மில்லி. நூறு மில்லி குறைய ஏறக்குறைய மூன்று மாதம். மாதம் ஒருமுறை லெவல் பார்த்து ஊற்றிக்கொண்டு பல வருடம் ஓட்டலாம். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு 72 மில்லி, எட்டே நாளில் கூடு காலி. கொள்ளளவு சிறியது என்பதால் இந்தக் கூட்டுக்கு அலட்சியம் ஆகாது.

பெருங்களத்தூர்க்காரர்களே இந்தப் பின்னச்சைக் கடைசியில் கைவிட்டார்கள். 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கசெல், ஹெரால்டின் அதே 948 சிசி இஞ்சினை வைத்துக்கொண்டு, பின்னால் மட்டும் அம்பாசடர் பாணி ஒற்றைக்கட்டை ஆக்சிலுக்கு மாறியது. இந்திய மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் பழைய ஆடும் தண்டு அமைப்பு பிடிக்கவில்லை. அதனால் இன்று கசெலுக்குப் புதுப்பேட்டையில் தேடும் பக்கத்து சீல் ஹெரால்டுக்கு உதவாது. பெயர் சொல்லிக் கேட்காமல், பழைய சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போவதே பாதுகாப்பு. அளவு சரியாக இருந்தால் எந்த வண்டிக்குச் செய்த சீலும் சீல்தான்.

மாட்டும்போது சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் ஏற்றினால் முதல் சில சுற்றிலேயே அது கருகும். ஃபிளேன்ஜின் கூரான விளிம்பு உதட்டைக் கீறாமலிருக்க, விளிம்பின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நுழைத்துவிட்டுப் பிறகு உருவிக்கொள்ளலாம். சுத்தியலால் ஒரு பக்கம் தட்டி இறக்கினால் சீல் சாய்ந்து உட்காரும், அகலமான குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாக அழுத்துங்கள். முதல் சில பத்துக் கிலோமீட்டரில் உதடு தண்டோடு பழகும்வரை லேசாக ஈரம் தெரியலாம், அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழற்ற வேண்டாம். துடைத்துவிட்டு, பவுடரைத் தூவி, இருங்காட்டுக்கோட்டை வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.